தோற்றவன் சொல்லும் ஆட்டம்

செஞ்சியில் வந்து இறங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, ஓர் ஆட்டோக்காரர் என்னை நடுரோட்டில் இறக்கிவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "யார் வூட்டுக்கும்மா போறீங்க?" என்று கேட்டார். சிங்கப்பூரில் டாக்சிக்காரர் நம் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். இங்கே ஒருவர் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அனந்தபுரம் தாண்டி மாதா கோயில் தெரு, பிலோமினா அத்தை வீடு, நான் சவரிமுத்துவின் மகள் ரெஜினா, சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்று என் ஜாதகத்தையே ஒப்பித்தேன்.

ஆட்டோ நின்றது.

"எந்த சவரிமுத்து? பந்து ஆடுவாரே, அந்த சவரியா?"

"ஆமாம்! எங்க நைனாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"எறங்கு."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவரே பையை எடுத்து ரோட்டோரம் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயேவிட்டார். ஒரு பக்கம் கோட்டை மலை, லாரி லாரியாகப் பாறையைக் கொட்டிக் குவித்தது மாதிரி; இன்னொரு பக்கம் கரும்புக் கட்டு ஏற்றிய டிராக்டர்; நடுவில் நான். முப்பத்து நான்கு வயதில் அழுகை வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

நூறடி போன ஆட்டோ ரிவர்ஸில் வந்தது. "பை பெருசா இருக்குது. ஏறு. ஆனா வூடு வர்ற வரிக்கும் ஒரு வார்த்த பேசக்கூடாது." ஏறினேன், வாயைத் திறக்கவில்லை. ஆட்டோவின் முதுகில் 'குமரேசன்' என்றும், அதன் கீழே ஒரு பந்தின் படத்தோடு 'கோட்டை டீம்' என்றும் எழுதியிருந்ததை இறங்கிய பிறகுதான் பார்த்தேன்.

நான் எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நைனாவுக்கு அடுத்த புதன்கிழமை சிங்கப்பூரில் பைபாஸ் ஆப்பரேஷன். அப்படிப்பட்ட நேரத்தில் மகள் பக்கத்தில் இருக்கவேண்டுமா இல்லையா? அவரோ, "பொங்கல் கழிஞ்ச சனிக்கிழம ஊர்ல சொல்றது நடக்கும். நடேசன் இந்த வருஷமாவது எங்க ஆட்டத்தச் சொல்றானான்னு போய் பாத்துட்டு வா ஆத்தா," என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவிடம் முறையிட்டேன். "போய்ட்டு வாடி, இல்லன்னா இந்த மனுஷன் ஆப்பரேஷன் டேபிள்லயும் இதையே பொலம்புவாரு," என்று அம்மாவும் கைவிரித்துவிட்டாள்.

அந்த ஆட்டம் எனக்கு மனப்பாடம். எங்கள் ஊர் மாதா டீமும் செஞ்சி டவுனின் கோட்டை டீமும் வருஷா வருஷம் மோதும் பந்தயம். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். நைனா இடது காலால் அடித்தார், பந்து கோல் கட்டைக்கு உள்ளே பாய்ந்தது, மாதா டீம் கோப்பையைத் தூக்கியது. கோட்டை டீமின் கோல்கீப்பர் நடேசன் மட்டும் 'வெளியதான் போச்சு' என்று இன்றுவரை சாதிக்கிறார். எனக்குச் சோறு ஊட்டியதே இந்தக் கதையைச் சொல்லித்தான். ஐந்தாம் வகுப்பில் இதையே கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

பிலோமினா அத்தை நைனாவின் தங்கை. மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தக் காரத்துக்கு என் நாக்கு பழகவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அத்தைக்கு அது பாசத்தில் வந்த கண்ணீராகப் பட்டது போலிருக்கிறது, இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"சொல்றதுன்னா என்ன அத்தை?" என்று கேட்டேன்.

"ஒங்கப்பன் சொல்லலியா? ஆட்டத்துக்கு மொத நாளு ரெண்டு டீம் ஆளுங்களும் கிரவுண்டுகிட்ட டீக்கடையில ஒக்காந்து பழய ஆட்டமெல்லாம் பேசுவோம். ஆனா ஜெயிச்சவன் வாயத் தொறக்கக்கூடாது. தோத்தவன்தான் அந்த ஆட்டத்தச் சொல்லணும்."

"என்னது? தோற்றவரா?"

"ஆமாண்டி. முந்தியெல்லாம் ஜெயிச்சவன் பீத்திக்குவான், தோத்தவன் பெஞ்ச தூக்குவான். மண்ட ஒடஞ்சு ஒரே ரகள. அப்பறம்தான் பெரியவங்க கூடி இப்பிடி வெச்சாங்க. தோத்தவன் வாயால வந்தாத்தான் அது ஜெயிச்ச ஆட்டம். இல்லன்னா கணக்குலயே இல்ல. எங்கண்ணன் ஆட்டம் முப்பத்தெட்டு வருஷமா கணக்குல இல்லாமயே கெடக்குது. அந்த நடேசன் சொல்லவே மாட்டன்றான்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சிங்கப்பூரில் தோற்ற அணியின் ரசிகர்கள் அரைமணி முன்னதாகவே ரயில் பிடித்துப் போய்விடுவார்கள். இங்கே நாற்பது வருடத் தோல்வியையும் எழுந்து நின்று சொல்கிறார்களாம்!

"அவர் வெளியே போனது என்கிறார், நைனா உள்ளே என்கிறார். வலையைப் பார்த்தால் தெரியாதா?"

"வலை ஏது அந்தக் காலத்துல? ரெண்டு சவுக்குக் கட்ட, மேல ஒரு கயிறு. உள்ளயா வெளியவான்னு தகராறு வந்தா, அடிச்சவன் போயி எதிர் டீம் கோல்கீப்பர் தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணணும். எங்கண்ணன் பண்ணிச்சு. நடேசன் தலையில கைய வெச்சு 'உள்ளதான் போச்சு'ன்னுச்சு. ரெப்ரீ விசில் ஊதிட்டாரு. அதுக்கு மேல இன்னா வேணும்?"

"எதிரியின் தலைதானே அத்தை? பொய் சத்தியம் செய்தால்தான் என்ன போகிறது?"

அத்தை என்னை ஏதோ கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அய்யய்யோ, இன்னா பேச்சுடி இது! எதிரின்னா ஆட்டத்துலதான்டி. அது ஒரு மனுஷன் உசுரு. பொய் சத்தியத்த அந்தத் தல தாங்குமா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நடேசனைப் பார்க்கப் போனேன். டவுனை ஒட்டி, நெல் வயல் ஓரமாக வீடு. தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். வாசலில் குமரேசனின் ஆட்டோ நின்றது. நடேசன் அவருக்குச் சித்தப்பாவாம்!

"சவரி பொண்ணா? இன்னா வேணும்?" என்றார் நடேசன்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். நாளைக்கு அந்த ஆட்டத்தை நீங்கள் சொல்லவேண்டும், நைனா வீடியோவில் பார்ப்பார் என்றேன். குமரேசன், "அடி செருப்பால" என்று தொடங்கியதை நடேசன் கையைக் காட்டி அடக்கினார்.

"முப்பத்தெட்டு வருஷமா சொல்லாதவன் நீ வந்து கேட்டதும் சொல்லிடுவனா? போ பாப்பா. வெளிய போன பந்து வெளிய போனதுதான்."

எனக்கும் கோபம் சுருக்கென்று வந்துவிட்டது. "புதன்கிழமை அவருக்கு நெஞ்சைப் பிளந்து ஆப்பரேஷன். அதற்கு முன்னால் கேட்க ஆசைப்படுகிறார். உங்களுக்கு ஒரு பந்துதான் பெரிதா?" என்று கத்திவிட்டேன். ஒரு வயசாளியிடம் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. அவர் திருப்பிக் கத்தவில்லை. பிறகு உள்ளே போய், அவித்த பனங்கிழங்கு நாலைந்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டு, "பஸ்ஸு வந்துடும், கெளம்பு," என்றார்.

பஸ்ஸில் பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றுகொண்டே வந்தவள், முதல் நாள் அலுப்பில் தூங்கிப்போனேன். கண்டக்டர் தட்டி எழுப்பினால் ஊர் பனமலை! இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டதாம். "எழுப்பி விட்டிருக்கலாமே!" என்றேன். "நல்லா தூங்கிக்கினு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல," என்கிறார் அந்தப் புண்ணியவான். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். ஏரிக்கரையில் உட்கார்ந்து நைனாவுக்குப் போன் போட்டேன்.

அவர் பந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "நடேசன் எப்பிடி இருக்கான்? இன்னும் நொண்டறானா?" என்று கேட்டார்.

"ஆமாம். காலை இழுத்துத்தான் நடக்கிறார். அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"அந்த ஆட்டம் முடிஞ்ச மறு மாசம் கெணத்துல உழுந்துட்டான். அதோட அவன் ஆட்டமே போச்சு." உடனே அடுத்த கேள்வி. "தல? தலையில ஏதாவது அடி, கிடி?"

"துண்டு கட்டியிருந்தார், தெரியவில்லை. ஏன் நைனா?"

"சும்மாத்தான்," என்று வைத்துவிட்டார். எதிரி மேல் இத்தனை விசாரணையா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கெல்லாம் டீக்கடை நிரம்பிவிட்டது. கோட்டைக்காரர்கள் ஒரு பக்க பெஞ்சில், மாதா கோயில் தெருக்காரர்கள் எதிர்ப் பக்கம். நடுவில் ஒரு முறம் நிறைய வறுத்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். இரண்டு பக்கக் கைகளும் ஒரே முறத்தில் அள்ளின.

முதலில் எழுந்தவர் குமரேசன். தன் கல்யாணத்துக்கு முந்தின வருஷ ஆட்டமாம். பொண்ணு வீட்டார் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்களாம். "அவங்க பாக்கணும்னு, வந்த பந்த பின்னங்கால்ல தட்டுனேன். நேரா எங்க கோலுக்கே போயிடுச்சு. நாங்க தோத்தோம்," என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். மாதா பக்கத்திலிருந்து ஒரு சத்தம்கூட இல்லை. சிரிக்கக்கூடாதாம்! உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்குகிறார்கள்.

அடுத்து அத்தையே எழுந்தாள். ஆறு கோல் வாங்கிய வருஷம். "அன்னிக்குன்னு பாத்து தேர்த் திருநா. மத்தியானம் நான்தான் கறிக்கொழம்பு ஆக்கிப் போட்டேன். தடிப்பசங்க பதினோரு பேரும் மூக்கு முட்டத் தின்னுட்டு வந்தானுங்க. ஒருத்தனாலயும் ஓட முடியல. ஒருத்தன் கார்னர்லயே வாந்தி எடுத்தான். நாங்க தோத்தோம்." சொல்லிவிட்டு முந்தானையை உதறி உட்கார்ந்தாள். சொந்த வாயால் இப்படியா! எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பிரமிப்பு. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தன் தவறை இப்படி எழுந்து சொல்லி நான் பார்த்ததே கிடையாது.

இப்படி ஏழெட்டு ஆட்டம் போனது. நான் போனை உயர்த்திப் பிடித்திருந்தேன். திரையில் நைனா, தலையணையில் சாய்ந்தபடி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது நடேசன் எழுந்து நின்றார்.

"சவரி கடைசியா ஆடுனான் இல்ல, அந்த ஆட்டம்," என்றார். "ஒன்னுக்கு ஒன்னு. சமமா முடிஞ்சிருந்தா கோப்ப எங்களுக்குத்தான், ஏன்னா அதுக்கு முந்தின வருஷம் ஜெயிச்சவங்க நாங்க. கடைசி நிமிஷம். சவரி இடது காலால அடிச்சான்..."

குமரேசன் துள்ளி எழுந்தார். "சித்தப்பா! இன்னா சொல்ற நீ? புத்தி கெட்டுப் போச்சா?"

"உக்கார்றா!" என்று நடேசனிடமிருந்து ஓர் அதட்டல். கோட்டைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மாதா பக்கத்தில் அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் நைனா என்று கத்தவேண்டும் போல இருந்தது. எனக்காகவும், அந்த ஆப்பரேஷனுக்காகவும் அவர் விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எப்படியாவது சொல்லி முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"பந்து கட்டைக்கு..." என்றார் நடேசன்.

"நிறுத்துடா நடேசா."

போனிலிருந்துதான் வந்தது அந்தக் குரல்.

"ரெஜி, என்ன அவனுக்கு நேரா புடி." பிடித்தேன். "நீ ஒக்காரு நடேசா. அந்த ஆட்டத்த நான் சொல்றேன்."

எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. தோற்றவன்தானே சொல்லவேண்டும்?

"பந்து கட்டைக்கு வெளியதான் போச்சு," என்றார் நைனா. "ஒரு சாண் வெளிய. நான் கண்ணால பாத்தேன். எங்க ஆளுங்க எல்லாம் கத்தினாங்க, எனக்கு அந்த நேரத்துல இன்னா தோணுச்சோ, உன் தலையில கைய வெச்சுட்டேன். பொய் சத்தியம். நாங்க தோத்தோம்."

"சவரி, மருந்து மயக்கத்துல ஒளறாத!" என்று எங்கள் பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள். அத்தை, "அண்ணே..." என்றாள். என் சின்ன வயசு முழுக்க அந்தப் பந்து உள்ளேதான் போயிருந்தது. கோபம் வந்தது, அவமானம் வந்தது, போனைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எத்தனை லீவு கிடைத்தும் இந்த ஊர்ப் பக்கமே அவர் வராததற்கு, வேலை வேலை என்று சொன்ன காரணமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

"மறு மாசமே நீ கெணத்துல உழுந்துட்டன்னு சொன்னாங்க," என்றார் நைனா. "என் கைதான்டா உன்ன தள்ளிச்சு. உன் மூஞ்சில முழிக்க முடியாமத்தான் நான் ஊர உட்டே போனேன்."

நடேசன் நின்ற இடத்திலேயே நின்றார். முகத்தில் கோபம் இல்லை. பேயறைந்தவர் மாதிரி இருந்தார்.

"நெசமாவே வெளியவா போச்சு?" என்று கேட்டார்.

இப்போது நைனா திருதிருவென விழித்தார். "இன்னாடா கேக்கற? நீதான முப்பத்தெட்டு வருஷமா வெளிய வெளியன்னு கத்திக்கினு இருந்த?"

"நான் பாக்கவே இல்லடா! பந்தப் புடிக்கப் பாஞ்சு உழுந்ததுல கண்ணு ரெண்டும் மண்ணு. பந்து எங்க போச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்? தோத்த வயித்தெரிச்சல்ல கத்தினேன். நீ வந்து தலையில கைய வெச்ச பாரு, அப்பவே உள்ளதான் போச்சுன்னு நம்பிட்டேன். சவரி என் தலையில பொய் சத்தியம் பண்ணுவானா? இத்தன வருஷமா வாய்தான்டா வெளியன்னுச்சு. மனசுக்குள்ள நான் தோத்தவன்தான். இன்னிக்கு சொல்லித் தொலச்சுடலாம்னு எழுந்தேன்."

அவர் எனக்காக விட்டுக்கொடுத்தார் என்று நினைத்தேனே! அவர் உண்மை என்று நம்பியதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். குமரேசன் வாயைத் திறந்தபடி ஒருமுறை போனைப் பார்த்தார், ஒருமுறை சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

நடேசன் நொண்டிக்கொண்டே வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். தலைத் துண்டை உருவி எறிந்தார். "பாருடா. நல்லா பாரு. ஒரு முடி கொட்டல, ஒரு காயம் இல்ல. கெணத்துல உழுந்தது நான் தண்ணி போட்டுட்டு ஆடுன ஆட்டம். அதுக்கும் நீதான் காரணம்னு இத்தன வருஷம் நெனச்சுக்கினு இருந்தியா? பெரிய ஆளுதான்டா நீ!"

நைனா அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடேசன் போனை யார் கண்ணிலும் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து, சார்ஜ் தீர்ந்துபோன போனை என்னிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மாதா டீம் மூன்றுக்குச் சைபர் என்று மண்ணைக் கவ்வியது. பசங்களுக்கு முதல் நாள் அதிர்ச்சி தீரவில்லை என்று அத்தை சொன்னாள். எனக்கென்னவோ அவர்கள் ஆட்டமே அவ்வளவுதான் என்று தோன்றியது. குமரேசன் தன் ஆட்டோவிலேயே என்னைக் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். இந்த முறை வழி நெடுக அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் நைனா தெளிவாகப் பேசினார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் நெஞ்சில் கட்டோடு கிடப்பவரிடம் எதைக் கேட்பது? அவராகத்தான் ஆரம்பித்தார். "அவன் வாயால சொல்லிட்டா மனசு ஆறிடும்னு நெனச்சேன் ஆத்தா. அவன் எழுந்து நின்னதும் தாங்கல." பிறகு, "ஞாயித்துக்கெழம யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார்.

சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். "நாம தோத்துட்டோம் நைனா. மூணு கோல்."

"நல்லதாப் போச்சு," என்றார். எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. "அடுத்த வருஷம் அத யாராவது எழுந்து நின்னு சொல்லணும் இல்ல? நான் போறேன். டிக்கெட் போடு."